பழைய பந்தய அவுட்போர்டு மோட்டாருக்கு எந்த கியர் ஆயில்? திறந்து பார்ப்பதிலிருந்து ஓட்டிப் பார்ப்பது வரை

கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு படகு மோட்டாரா என்று கேட்பவர்கள் உண்டு. கடல் இங்கிருந்து வெகு தூரம். ஆனால் பெங்களூரு பக்கத்தில் இருக்கிறது, அங்கே பழைய இரும்பு வியாபாரிகளிடம் எதுவும் வந்து சேரும். அப்படி வந்ததுதான் என்னிடம் இருக்கும் 1950களின் இரண்டு சிலிண்டர் பந்தய அவுட்போர்டு, அதாவது படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் மோட்டார். ஓசூரில் கியர் வெட்டும் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். அதனால் மோட்டாரின் தலையைவிட அதன் காலைத்தான் முதலில் பார்த்தேன். தண்ணீருக்குள் இறங்கும் அந்த லோயர் யூனிட், ஒரு தேங்காய் அளவு கியர் பாக்ஸ்.

அந்தத் தேங்காய்க்குள் என்ன ஊற்றுவது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். டிராக்டர் ஆயில், லாரி கிரவுன் ஆயில், கிரீஸ், விளக்கெண்ணெய் என்று எல்லாமே என் காதில் விழுந்திருக்கிறது. காவேரிப்பட்டணத்தில் எனக்குத் தெரிந்த லேத்துக்கார அண்ணன் ஒருவர் மட்டும் வேறு மாதிரி சொன்னார்: "தம்பி, எந்த ஆயில்னு அப்புறம் பாரு. உள்ள என்ன இருக்கு, தண்ணி எந்த வழியா வருது, அதை முதல்ல பாரு." நான் அதைக் கேட்காமல் முதலில் ஆயிலை வாங்கினேன், ஒரு வெண்கல புஷ்ஷை (தண்டு உள்ளே சுற்றும் வெண்கலக் குழாய் வளையம்) இழந்தேன். அந்த வரிசையைத் திருத்தி எழுதியதுதான் இந்த வழிகாட்டி.

இந்த கியர் பாக்ஸ் ஏன் தனி ரகம்

மீன்பிடிப் படகில் மாட்டும் சாதாரண அவுட்போர்டில் எஞ்சின் இரண்டு சுற்று சுற்றினால் ப்ரொபெல்லர் கிட்டத்தட்ட ஒரு சுற்று சுற்றும். யமஹா 40 குதிரைத்திறன் எண்டியூரோ மாடலில் 13 பல்லுக்கு 26 பல், சரியாகப் பாதி. பந்தய மோட்டாரில் அப்படிக் குறைக்க மாட்டார்கள். பல பந்தயப் பெட்டிகளில் விகிதம் ஒன்றுக்கு ஒன்று, அல்லது அதற்கு மிக அருகில். எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடினால் ப்ரொபெல்லர் தண்டும் 6,000.

கணக்குப் போட்டுப் பாருங்கள். என் பெட்டியில் உள்ள பெவல் கியர் (சுழற்சியைச் செங்கோணத்தில் திருப்பும் கூம்பு வடிவக் கியர்) சுமார் 45 மில்லிமீட்டர் விட்டம். 6,000 சுற்று என்றால் விநாடிக்கு 100 சுற்று. பல்லின் வேகம் விநாடிக்கு 14 மீட்டர் வருகிறது. ஆயிலில் முங்கிச் சுழலும் கியருக்கு அது அதிக வேகம். அந்த வேகத்தில் கியர் ஆயிலைக் கடையும். தயிர் கடைகிற மாதிரிதான், கெட்டியாக இருந்தால் கை வலிக்கும். இங்கே கைக்குப் பதில் எஞ்சினின் குதிரைத்திறன் போகிறது, போன சக்தி முழுவதும் சூடாக மாறுகிறது.

இன்னொன்று. சாதாரண மோட்டாரின் கியர் பாக்ஸ் எப்போதும் தண்ணீரில் முங்கியிருப்பதால் அந்தத் தண்ணீரே குளிர்விக்கும். பந்தயத்தில் மோட்டாரை உயர்த்தி மாட்டி, ப்ரொபெல்லரின் பாதி தண்ணீருக்கு வெளியே வரும்படி ஓட்டுவார்கள். இழுவை குறையும், குளிர்ச்சியும் குறையும். தண்ணீரைக் கிழிக்க வேண்டும் என்பதற்காகப் பெட்டியே ஒல்லியாக, தோட்டா மாதிரி செய்யப்பட்டிருக்கும். உள்ளே ஆயிலுக்கு இடம் குறைவு. என் பெட்டியில் 180 மில்லிதான் பிடிக்கிறது, ஒரு டம்ளர் காபி. அந்த ஒரு டம்ளர்தான் இவ்வளவு வேகத்தையும் சூட்டையும் தாங்க வேண்டும்.

முதல் படி: வடித்து, அதைப் படியுங்கள்

மோட்டாரை ஸ்டாண்டில் நேராக நிறுத்தி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். ஆட்டாமல் காலையில் கீழ் ஸ்க்ரூவை மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது, அதனால் தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் சொட்டும். முதல் பத்துச் சொட்டை ஒரு கண்ணாடி டம்ளரில் தனியாகப் பிடியுங்கள். மீதியை வேறு பாத்திரத்தில் வடியுங்கள்.

தேன் நிறம், அல்லது கொஞ்சம் கறுத்த தேன் நிறம் என்றால் நிம்மதி. பால் ஊற்றிய காபி மாதிரி இருந்தால் தண்ணீர் ஆயிலோடு கலந்து கடைபட்டிருக்கிறது. தண்ணீர் தனியாக, ஆயில் தனியாக வந்தால், ஓடாமல் கிடந்த காலத்தில் இறங்கிய தண்ணீர்.

சந்தேகமாக இருந்தால் தோசைக்கல் சோதனை இருக்கிறது. சமையலுக்கு உதவாத பழைய கல்லைப் பட்டறையில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தெளித்தால் துள்ளி ஓடுகிற சூட்டுக்குக் கல் வந்ததும், வடித்த ஆயிலில் ஒரு சொட்டு விடுங்கள். சுத்தமான ஆயில் அமைதியாகப் பரவும். தண்ணீர் இருந்தால் சடசடவென்று பொரியும், குமிழ் விடும். ஆயில் பரிசோதனைக் கூடங்களிலேயே முதல் சோதனையாகச் செய்வது இதைத்தான். கண்ணாடி போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

அப்புறம் காந்தம். வடித்த ஆயிலில் காந்தத்தை விட்டு எடுத்தால் கருப்பு மாவு போலக் கொஞ்சம் ஒட்டும், அது இயல்பு. ஊசி ஊசியாக, செதில் செதிலாக ஒட்டினால் ஆயில் தேடுவதை நிறுத்திவிட்டுப் பெட்டியைப் பிரியுங்கள். காந்தத்தில் ஒட்டாமல் வெயிலில் பொன் தூள் மாதிரி மின்னுவது வெண்கலம். எங்கோ ஒரு புஷ் தேய்கிறது.

பிசின் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டு மண்ணெண்ணெயிலும் போகாமல் இருந்தால், முந்தைய ஆள் ஆமணக்கெண்ணெய் ஊற்றியிருக்கிறார் என்று பொருள். அதை ஸ்பிரிட்டில் கழுவுங்கள். ஆமணக்கெண்ணெய் ஆல்கஹாலில் நன்றாகக் கரையும், பெட்ரோலியப் பொருட்களில் சரியாகக் கரையாது.

இரண்டாம் படி: உள்ளே என்ன இருக்கிறது

பார்க்க வேண்டியவை நான்கு.

கியர் மாற்றம் உண்டா, இல்லையா என்பது முதலாவது. உண்மையான பந்தயப் பெட்டியில் நியூட்ரலும் இருக்காது, ரிவர்ஸும் இருக்காது. கயிற்றை இழுத்ததும் ப்ரொபெல்லர் சுற்றும். மெர்குரி என்ற அமெரிக்க அவுட்போர்டு நிறுவனம் 1950களில் மார்க் 20எச் போன்ற பந்தய மாடல்களுக்குக் கொடுத்த குவிக்சில்வர் லோயர் யூனிட் இந்த வகை. இதில் ஆயில் பல்லையும் பேரிங்கையும் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். சாதாரண மோட்டாரைப் பந்தயத்துக்கு மாற்றியிருந்தால் உள்ளே டாக் கிளட்ச் (பற்கள் ஒன்றில் ஒன்று கோர்த்து கியர் மாற்றும் துண்டு) இருக்கும், அதற்கும் கியர் ஆயில் ஒத்துப்போகும். ஒரே ஒரு விதிவிலக்கு: ஜான்சன், எவின்ரூட் நிறுவனங்கள் 1960களில் கொண்டுவந்த எலெக்ட்ரிக் ஷிஃப்ட் பெட்டி. அதில் மின்சுருள் ஆயிலுக்குள்ளேயே இருக்கிறது. அதற்கென்று தனி ஆயில் உண்டு, அதைத் தவிர எதையும் ஊற்றாதீர்கள்.

இரண்டாவது, தண்டு எதில் சுற்றுகிறது? பால் பேரிங், நீடில் பேரிங் என்றால் எஃகு. வெண்கல புஷ் என்றால் ஆயிலில் உள்ள ரசாயனத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். என் பெட்டியில் முன்பக்கம் பால் பேரிங், ப்ரொபெல்லர் பக்கம் வெண்கல புஷ். பிரிக்காமல் எனக்கு இது தெரிந்திருக்காது.

மூன்றாவது பல்லின் முகம். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பழைய ஆயில் எப்படி வேலை செய்தது என்பது பல்லில் எழுதியிருக்கும். மேலிருந்து கீழாக, பல் உரசிச் சறுக்கும் திசையில் கீறல் கீறலாக இருந்தால் ஆயில் படலம் அறுந்து இரும்பும் இரும்பும் ஒட்டிப் பிய்ந்திருக்கிறது. ஆயில் நீர்த்துப் போயிருந்தது, அல்லது அழுத்தம் தாங்கும் சேர்க்கை போதவில்லை. அம்மைத் தழும்பு போலச் சிறு குழிகள் என்றால் உலோகம் களைத்துவிட்டது. அதற்கு வயதும் சுமையும் காரணம், தண்ணீர் கலந்த ஆயில் அதை விரைவுபடுத்தும். பல் நுனி நீலமாகவோ வைக்கோல் நிறமாகவோ இருந்தால் சூடு. பல்லின் ஒரு ஓரத்தில் மட்டும் பளபளப்பு இருந்தால் குற்றம் ஆயிலில் இல்லை, ஷிம் (கியரின் இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடு) தவறு. கியர்கள் சரியாகப் பொருந்தவில்லை. பட்டறையில் புதியவர்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுத்தது இதுதான். பொருத்தம் கெட்ட கியரை எந்த ஆயிலும் காப்பாற்றாது.

நான்காவது சீல். ரப்பர் உதடு உள்ள ஆயில் சீலா, தோலா, வெறும் புஷ்ஷின் இடுக்கத்தை நம்பியதா? எழுபது வருட ரப்பர் என்றால் நகத்தால் அழுத்திப் பாருங்கள், கருங்கல் மாதிரி இருக்கும். தண்டின் அளவையும் குழியின் அளவையும் வெர்னியரில் எடுத்துக்கொண்டு பேரிங் கடைக்குப் போனால் நைட்ரைல் ரப்பர் சீல் பெரும்பாலும் அளவில் கிடைத்துவிடும். ப்ரொபெல்லரைக் கழற்றி அதன் பின்னாலும் பாருங்கள். நம் அணைகளில் மீன் வலை கட்டுகிற நைலான் நூல் தண்டில் சுற்றிக்கொண்டு சீலின் உதட்டை அறுத்துவிடும்.

மூன்றாம் படி: காற்று அடித்துப் பாருங்கள்

ஆயில் வாங்கும் முன் இதைச் செய்யாமல் விடாதீர்கள். காலிப் பெட்டியின் கீழ் ஸ்க்ரூவை மூடி, மேல் துளையில் ஒரு குழாய் நிப்பிளை மாட்டி, காற்று அடித்து அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். தனிக் கருவி விற்கிறார்கள். எனக்குக் கை கொடுத்தது வீட்டில் ஓரமாகக் கிடந்த பழைய ரத்த அழுத்தக் கருவி. அந்த ரப்பர் உருண்டையும் முள் மீட்டரும் போதும். 250 வரை ஏற்றினால் அது சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 5 பவுண்டு. பழைய சீலுக்கு முதலில் அந்த அளவே சரி.

ஐந்து நிமிடம் முள் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்புத் தண்ணீரைப் பூசுங்கள், குமிழ் வரும் இடம்தான் வாசல். நிற்கும்போதே ப்ரொபெல்லர் தண்டை மெல்லச் சுற்றியும் பாருங்கள். நின்றால் பிடித்து, சுற்றினால் விடுகிற சீல்கள் உண்டு. சீல் புதிது என்றால் சைக்கிள் பம்பால் 10 பவுண்டு வரை போகலாம். அதற்கு மேல் போனால் நல்ல சீலையே வெளியே தள்ளிவிடும்.

என் பெட்டி முதல் தடவை பத்து விநாடி கூட நிற்கவில்லை. வாசல் சீலில் இல்லை, கீழ் ஸ்க்ரூவின் ஃபைபர் வாஷரில். சின்ன ஒரு வாஷர்தான், எத்தனை வருடத் தண்ணீர் அதன் வழியாக இறங்கியதோ!

நான்காம் படி: எவ்வளவு கெட்டி

இப்போதுதான் ஆயிலுக்கு வருகிறோம். டப்பாவில் 90, 140 என்று போட்டிருப்பது எஸ்ஏஇ என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் கியர் ஆயில் எண். எஞ்சின் ஆயிலின் எண்ணும் இதுவும் ஒரே அளவுகோல் இல்லை. 90 என்றதும் 40 எஞ்சின் ஆயிலைவிட இரண்டு மடங்கு கெட்டி என்று நினைத்துவிடக் கூடாது. 100 டிகிரி சூட்டில் 90 கியர் ஆயில் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) வரை இருக்கும், அது 40, 50 எஞ்சின் ஆயில்களின் வரம்புக்குள்ளேயே வருகிறது. 140 என்பது 24-க்கு மேல். தொழிற்சாலை கியர் ஆயிலில் பழகியவர்களுக்குச் சொன்னால், 80டபிள்யூ-90 என்பது பெரும்பாலும் ஐஎஸ்ஓ 150-க்கும் 220-க்கும் நடுவில் உட்காரும்.

'டபிள்யூ' போட்ட முன் எண் குளிர்காலத்துக்கானது. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழியில் பல் கிட்டும், ஆனால் அந்தக் குளிரும் இந்த எண்ணுக்கு ஒரு பொருட்டில்லை. 75, 80, 85 எதுவானாலும் நம்மூரில் அதற்காகக் கவலைப்பட வேண்டாம், பின் எண்ணைப் பாருங்கள்.

என் முடிவு இது. பல்லும் பேரிங்கும் நல்ல நிலையில், சீல் பிடித்து நிற்கிறது என்றால் 90. யமஹா, சுசூகி போன்றவர்கள் தங்கள் சாதாரண அவுட்போர்டுகளுக்கும் 90 ஹைப்பாய்டு கியர் ஆயிலைத்தான் சொல்கிறார்கள். பந்தய வேகத்துக்கு அதைவிடக் கெட்டியாகப் போக எந்தக் காரணமும் இல்லை. பல் தேய்ந்து பேக்லாஷ் (பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலான தளர்வு) அதிகமாகி, புஷ்ஷில் ஆட்டம் இருந்தால், உதிரிபாகம் வரும்வரை 140 ஊற்றி மெதுவாக ஓட்டலாம். அது ஊன்றுகோல் மாதிரிதான், அதை வைத்துக்கொண்டு ஓட்டப்பந்தயம் போக முடியாது. பந்தயத்தில் ஒரு கால் குதிரைத்திறன் மிச்சமாகும் என்று எஞ்சின் ஆயில் அளவுக்கு நீர்த்ததை ஊற்றுபவர்களும் உண்டு. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பெட்டியைப் பிரித்துப் பார்க்கிற பொறுமையும் மாற்றுக் கியரும் இருப்பவர்களுக்கு அது சரி. இந்தப் பழைய கியர்கள் இனி கிடைக்காது என்பதால் நான் செய்ய மாட்டேன்.

ஐந்தாம் படி: உள்ளிருக்கும் மருந்து

கெட்டித்தன்மை பாதிக் கதைதான். பல்லும் பல்லும் அழுந்தும் இடத்தில் ஆயில் படலம் பிதுங்கி வெளியேறினால், அங்கே இரும்பைக் காப்பது ஆயிலில் கலந்த கந்தகமும் பாஸ்பரஸும். உரசும் சூட்டில் அவை இரும்போடு வினை புரிந்து மெல்லிய படிவம் ஒன்றை உண்டாக்கும். அந்தப் படிவம் தேயும், பல் பிழைக்கும். டப்பாவில் 'இபி' என்று போட்டிருப்பது இதைத்தான். ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை அதன் தரப்படிகள். ஜிஎல்-4இல் இந்தச் சேர்க்கை ஜிஎல்-5இல் இருப்பதில் தோராயமாகப் பாதி.

ஜிஎல்-5 உருவானது லாரி, கார்களின் பின் அச்சில் உள்ள ஹைப்பாய்டு கியருக்காக. அங்கே இரண்டு தண்டுகளின் மையமும் ஒன்றையொன்று சந்திக்காமல் விலகியிருக்கும், அதனால் பல் நீளவாக்கில் கடுமையாகச் சறுக்கும். அவுட்போர்டு பெவல் கியரில் இரண்டு மையமும் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. சறுக்கல் குறைவு. ஆகவே பழைய பந்தயப் பெட்டிக்கு ஜிஎல்-4 போதும் என்பதே என் கருத்து. பல்லில் கீறல் தெரிந்தால், பேரிங் எல்லாம் எஃகாக இருந்தால், ஜிஎல்-5க்குப் போங்கள்.

வெண்கல புஷ் இருந்தால்தான் சிக்கல். இரும்பைக் காக்கிற அதே கந்தகம், சூடு ஏறும்போது செம்பு கலந்த உலோகத்தை அரிக்கும். நான் இழந்த புஷ் அப்படித்தான் போனது. கடையில் கையில் கிடைத்த 140 ஜிஎல்-5ஐ ஊற்றினேன். கெட்டி ஆயில் கடைந்து சூடேறியது, சூட்டில் கந்தகம் வேலை செய்தது. இரண்டு மாதம் கழித்துப் பிரித்தால் புஷ் கரிப்பானை மாதிரி கறுத்து, சுரண்டினால் உதிர்ந்தது. எல்லா ஜிஎல்-5உம் அப்படி என்று சொல்ல மாட்டேன். இப்போது வருகிற பலவற்றில் செம்பைக் காக்கும் பொருளும் சேர்க்கிறார்கள். அதனால் பெயரை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல் சோதித்துப் பாருங்கள்.

சோதனை எளிது. தடித்த செம்புக் கம்பியைத் தட்டையாக அடித்து, மெல்லிய உப்புத்தாளால் ரோஜா நிறம் வரும்வரை தேயுங்கள். தேய்த்த பிறகு விரல் படக்கூடாது. சின்னக் கண்ணாடிப் புட்டியில் ஆயிலை ஊற்றி அதில் முக்கி, கொதிக்கும் தண்ணீர்ச் சட்டியில் புட்டியை மூன்று மணி நேரம் நிறுத்துங்கள். ஆயிலில் தண்ணீர் தெறிக்காமல், புட்டியை இறுக்கமாக மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்து மண்ணெண்ணெயில் கழுவிப் பாருங்கள். லேசான ஆரஞ்சு என்றால் நல்ல ஆயில். மயில் கழுத்து நிறம் வந்தால் யோசியுங்கள். கறுத்தால் வெண்கலம் உள்ள பெட்டிக்கு வேண்டாம். ஆய்வுக்கூடங்களில் செய்யும் செம்புத்தகடு சோதனையின் வீட்டு வடிவம் இது. அவர்கள் சூட்டைத் துல்லியமாக வைத்து நிற அட்டையோடு ஒப்பிடுவார்கள். நமக்கு இரண்டு ஆயில்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாலே விடை கிடைத்துவிடும்.

ஆறாம் படி: எதை ஊற்றக்கூடாது, எங்கே வாங்குவது

கிரீஸ் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பழைய மோட்டார்களுக்கு அந்தக் காலத்தில் பாதி இளகிய கிரீஸைச் சொன்னதுண்டு. அதைப் படித்துவிட்டு, வீல் பேரிங் கிரீஸை அடைத்துவிடுகிறார்கள். கெட்டி கிரீஸில் கியர் சுற்றினால் தனக்கு ஒரு வழியை வெட்டிக்கொள்ளும், கிரீஸ் ஓரமாக ஒதுங்கி நிற்கும், பல்லுக்குத் திரும்பி வராது. களியில் கரண்டி ஓட்டிய தடம் அப்படியே நிற்பது போல. பெட்டி நிறைய கிரீஸ் இருக்க, பல் காய்ந்தே ஓடும். சீல் பிடிக்காத பெட்டியில் கசிவை நிறுத்துவதற்காக கிரீஸ் என்பது நோயை மூடி வைப்பது.

ஆமணக்கெண்ணெய்க்குப் பந்தய வரலாறு பெரிது. காஸ்ட்ரால் என்ற பெயரே அதன் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. சூட்டிலும் படலம் அறாது. நம் பக்கம் செக்கில் ஆட்டியது எளிதாகவும் கிடைக்கும். ஆனால் நாள்பட்டால் பிசினாகும், மிச்சமிருக்கும் கனிம ஆயிலோடு சேராது. ஒருநாள் ஓட்டிவிட்டு அன்றே கழுவி வைக்கிற பழக்கம் இருந்தவர்களின் ஆயில் அது. நம் மோட்டார் வருடத்தில் பத்து மாதம் சும்மா நிற்கிறது.

டிராக்டரில் பிரேக்குக்கும் ஹைட்ராலிக்குக்கும் சேர்த்து ஊற்றும் ஆயில் வேண்டாம். ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் வேண்டாம். கசிவை நிறுத்தும் திரவங்கள் ரப்பரை ஊத வைப்பவை, அவையும் வேண்டாம். செயற்கை ஆயில் நல்ல பொருள்தான், பந்தயச் சூட்டுக்கு ஏற்றதும்கூட. ஆனால் பழைய சீலில் மற்றதைவிட எளிதாகக் கசியும், சீல் எல்லாம் மாற்றிய பிறகு யோசிக்கலாம்.

கிடைத்தால் மரைன் கியர் ஆயில் வாங்குங்கள். துரு பிடிக்காமல் காக்கும் பொருள் அதில் கூடுதல், கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தாலும் படலம் தாங்கும். இங்கே கடையில் கேட்டால் விழிப்பார்கள். காசிமேடு, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற துறைமுக ஊர்களில் அவுட்போர்டு உதிரிபாகக் கடைகளில் இருக்கும். மரைன் ஆயில்களில் பலவும் ஜிஎல்-5 வகை என்பதால் வெண்கலம் இருந்தால் செம்புச் சோதனையைச் செய்துவிட்டே ஊற்றுங்கள். அது கிடைக்கும்வரை, கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ டிராக்டர், லாரி ஆயில் விற்கிற எந்தக் கடையிலும் கிடைக்கும் 90 இபி, ஜிஎல்-4 போதும். சீல் உடையாத டப்பாவாக வாங்குங்கள், பீப்பாயிலிருந்து அளந்து கொடுப்பது வேண்டாம். நமக்குத் தேவை 180 மில்லி, ஒரு லிட்டர் டப்பா ஐந்து முறைக்கு வரும்.

ஏழாம் படி: ஊற்றும் முறை

மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே மாட்டிக்கொண்டு பெட்டி நிறைந்ததுபோல ஏமாற்றும். மோட்டாரை நேராக நிறுத்தி, இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றி, கீழ்த் துளையில் இருந்து மேல் நோக்கி ஏற்றுங்கள். முனை கூரான பிளாஸ்டிக் புட்டியோ, ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் மாட்டிய குழாயோ போதும். அவசரம் வேண்டாம். மேல் துளையில் குமிழ் நின்று ஆயில் மட்டும் வழிந்ததும், மேல் ஸ்க்ரூவை முதலில் மூடுங்கள். மேலே மூடியிருந்தால் கீழே குழாயை எடுக்கும்போது ஆயில் கொட்டாது, இரண்டு மூன்று சொட்டுதான் போகும். உடனே கீழ் ஸ்க்ரூ. இரண்டுக்கும் புது வாஷர்.

ப்ரொபெல்லரைக் கையால் ஐம்பது சுற்று சுற்றி, அரை மணி விட்டு, மேல் ஸ்க்ரூவைத் திறந்து மட்டம் பாருங்கள். இறங்கியிருந்தால் கொஞ்சம் சேருங்கள்.

சூட்டையும் நினைவில் வையுங்கள். சித்திரை வெயிலில் கொதித்த பெட்டியைச் சட்டென்று குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்ளிருப்பது சுருங்கும், சுருங்கும்போது சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஓடி முடித்த சூட்டோடு தண்ணீரிலேயே நிறுத்தி வைத்தாலும் இதேதான். நிழலில் ஆற விட்டு இறக்குங்கள்.

எட்டாம் படி: ஓட்டிப் பார்த்து உறுதி செய்வது

கே.ஆர்.பி. அணையில், அதாவது கிருஷ்ணகிரி அணையில், இறக்க வேண்டுமென்றால் நீர்வளத் துறையிடம் அனுமதி வாங்காமல் இறக்காதீர்கள். நான் முதல் ஓட்டத்தைத் தோட்டத்துச் சிமெண்டுத் தொட்டியில்தான் செய்கிறேன். ஒரு எச்சரிக்கை: சில பந்தய லோயர் யூனிட்களில் தண்ணீர் பம்பே கிடையாது, ப்ரொபெல்லர் தள்ளும் தண்ணீரும் படகின் வேகமும்தான் எஞ்சினுக்குத் தண்ணீரை ஏற்றும். தொட்டியில் அது போதாமல் எஞ்சின் சூடாகலாம். வேகத்தைக் கூட்டாமல் ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்தி, ஆறவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

மொத்தம் பத்து நிமிடம் ஓடியதும் அந்த ஆயிலை வடித்துவிடுங்கள். புதிதாகப் பொருத்திய கியரின் முதல் தேய்மானமும் பழைய அழுக்கும் அதில் வந்துவிடும். 180 மில்லிக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம். மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரம் ஓடிய பிறகு இன்னொரு தடவை. அதற்கப்புறம் ஒவ்வொரு நாள் ஓட்டம் முடிந்ததும், மோட்டாரை ராத்திரி நிறுத்தி வைத்து, காலையில் கீழ் ஸ்க்ரூவைத் தளர்த்தி முதல் சொட்டை மட்டும் பாருங்கள். தேன் நிறம் என்றால் இறுக்கிவிடுங்கள். பால் நிறம் என்றால் அன்றே முழுவதும் வடித்து நிரப்பிவிட்டு, மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். தண்ணீர் கலந்த ஆயிலோடு ஒரு வாரம் விட்டால் நீடில் பேரிங்கில் துரு ஏறிவிடும், துரு ஏறிய பேரிங்கைத் தேய்த்து மீட்க முடியாது.

ஓட்டிவிட்டு நிறுத்தியதும் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பதும் பழக்கமாகட்டும். வெதுவெதுப்பு சரி. ஐந்து விநாடி கை வைக்க முடியவில்லை என்றால் ஆயில் கெட்டி அதிகம், அல்லது பேரிங் இறுகியிருக்கிறது, அல்லது ஆயிலே இல்லை.

ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: தேதி, ஓடிய நேரம், முதல் சொட்டின் நிறம், காந்தத்தில் ஒட்டியது. என் நோட்டில் இப்போது 90 ஜிஎல்-4, புது வெண்கல புஷ், நைட்ரைல் சீல். கடைசி ஆறு பதிவிலும் 'தேன்' என்றே இருக்கிறது. சேமித்து வைக்கும் மாதங்களில் பெட்டியை ஆயில் முழுக்க நிரப்பியே வைக்கிறேன், உள்ளே காற்றும் ஈரமும் இல்லாமல் இருக்க.

வடித்த ஆயிலைத் தொட்டித் தண்ணீரோடு மாந்தோப்பு வாய்க்காலில் விட்டுவிடாதீர்கள். தனிக் கேனில் சேர்த்து, கழிவு ஆயில் எடுப்பவர்கள் வரும் வொர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். தொட்டியின் மேல் மிதக்கும் ஆயில் படலத்தையும் மரத்தூள் தூவி அள்ளி எடுத்த பிறகே தண்ணீரைத் திறக்க வேண்டும்.